இருபது வளைவு ஏறி வந்தவள்!

மலை மேல் பொங்கல் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வைத்தால் தெரியும் என் கஷ்டம்.

கீழே சேலத்தில், என் மாமனார் வீட்டில் ஏழு மணிக்கு அடுப்பு மூட்டினால் ஏழரைக்கெல்லாம் 'பொங்கலோ பொங்கல்' சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். இங்கே ஏற்காட்டில், ஒண்டிக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலில், ஒன்பது மணிக்கும் பானை தேமே என்று உட்கார்ந்திருக்கும். விறகு ஈரம். சுற்றிலும் பனி. ஊதி ஊதி என் கன்னம்தான் பொங்கும்.

"ஐயாயிரம் அடி உயரத்துல தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சுடும்ப்பா. அதான் அரிசி வேக லேட்டாகுது" என்று பெரியவன் சயன்ஸ் பாடம் நடத்துவான். "சயன்ஸ் அப்புறம், மொதல்ல ஊதுடா" என்று ஊதுகுழலை நீட்டினால் ஆளைக் காணோம்.

கரும்பும் மஞ்சள் கொத்தும் சேலத்திலிருந்து பஸ் ஏறி வர வேண்டும். காப்புக்கட்டுக்கு வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் அப்படியேதான். வருகிற வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் சுற்றி வந்த கரும்பு, என்னைப் போலவே கொஞ்சம் தலைசுற்றிப் போய்த்தான் வந்து சேரும்.

நான் இங்கே ஓர் ஆபீஸில் கிளார்க். சொத்து விவரம்: ஒரு மனைவி, ஒரு டூ வீலர், இரண்டு பிள்ளைகள். ஏற்காடு வந்தவர்களுக்கு ஒண்டிக்கடை தெரிந்திருக்கும். ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற முச்சந்தி. பெயர்தான் ஒண்டிக்கடை. இன்றைக்குக் கடைகளை எண்ணினால் விரல் போதாது. ஞாயிற்றுக்கிழமையானால் மிளகாய் பஜ்ஜி வாசனைக்குள் நீந்திக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் பொங்கலோ தீபாவளியோ, சாப்பாடு முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. பெரியவன் பிறந்த கதையைச் சொல்வது. ஐப்பசி மாதத்து ராத்திரி, கொட்டுகிற மழை, வாடகைக் கார். ஒண்டிக்கடையில் ஏறி 20 வளைவும் இறங்கி சேலம் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள், வளைவுக்கு ஒன்றாக என் மனைவி என்னைத் திட்டிய திட்டுகள் இருபது! ஆஸ்பத்திரிக்குப் போன அரை மணியில் பெரியவன் பிறந்தான். கதையை நான் சொல்வேன். திட்டுகளை அவள் சொல்வாள். வருஷம் ஏற ஏறத் திட்டுகளின் தரமும் ஏறிக்கொண்டே போகிறது.

2024 பொங்கல் அன்றும் அதே கதை. அன்றைக்குத்தான் மாட்டிக்கொண்டேன்.

* * *

கீழேயிருந்து அத்தை வந்திருந்தார். வெள்ளை மனசு. வாய் மட்டும் தாழ்ப்பாள் இல்லாத கதவு. பெரியவனுக்குச் சட்டைத் துணி, சின்னவளுக்கு ஒரு பாக்கெட் தட்டுவடை. அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "ஏங் கண்ணு, இது எங்க பொறந்துச்சோ, உங்க வீட்டுல வந்து என்னமா கலகலன்னு இருக்குது பாரு!" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஆனால் சின்னவள் தட்டுவடையைக் கடிப்பதை நிறுத்திவிட்டாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

மத்தியானம் பெரியவன் கதை முடிந்தது. இருபதாவது திட்டுக்கு எல்லோரும் சிரித்து ஓய்ந்தார்கள்.

"இப்ப என் கதை" என்றாள் சின்னவள். "நான் பொறக்கறப்பவும் மழை பெஞ்சுதா?"

அத்தை அவசரமாக வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். மாமனார் பேப்பரைப் பிரித்தார். நான் துணிந்து ஆரம்பித்தேன்: "ஆமா குட்டி... உனக்கும் மழைதான். அதே காருதான்..."

"பொய்!" என்றான் பெரியவன். "பாப்பாவைக் கூட்டிட்டு வர்றப்ப நானும் கார்ல இருந்தேன். மழையே இல்ல. வெயில் அடிச்சுது."

வீட்டில் ஒரே ஒரு நேர்மையான ஆள் இருந்தால் போதும், குடும்பத் தலைவன் தொலைந்தான்.

"கூட்டிட்டு வந்தீங்களா? எங்கேருந்து?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'நான் அப்பவே சொன்னேனில்ல' என்று பெயர். கல்யாணமானவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகாத தம்பிகள் காத்திருக்கவும்.

உண்மையிலேயே அவள் அப்பவே சொன்னாள். கைக்குழந்தையிலிருந்தே சொல்லிவிடலாம் என்றாள். நான்தான் "நடக்கட்டும்", "பேசட்டும்", "ஸ்கூல்ல சேரட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஃபைலை பென்டிங்கில் போடுவதில் எனக்கு இருபது வருஷ சர்வீஸ்.

மனைவி சின்னவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். "நீ என் வயித்துல இருந்து வரல கண்ணு. இன்னொரு அம்மா வயித்துல இருந்தே. நாங்க உனக்காகக் காத்துக்கிட்டு இருந்து, தேடி வந்து, கூட்டிட்டு வந்தோம்" என்றாள். அவ்வளவுதான். ஐந்து வருஷமாக எனக்கு வராத நாலு வரி.

சின்னவள் ஒன்றும் பேசவில்லை. கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

* * *

பெரியவனுக்குப் பிறகு இன்னொரு பிரசவம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் கொலுசுச் சத்தம் கேட்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. 2016-ல் 'காரா' என்கிற மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் இணையதளத்தில், பெண் குழந்தை வேண்டும் என்று பதிவு செய்தோம்.

வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் அம்மா மலையேறி வந்தார். சம்பளம் என்ன, வாடகை என்ன, சண்டை போட்டால் எத்தனை நாள் பேச மாட்டீர்கள்... எல்லாம் கேட்டார். மூன்று வயதுப் பெரியவனிடம், "பாப்பா வந்தா உன் பொம்மையெல்லாம் குடுப்பியா?" என்றார். "கார் மட்டும் தர மாட்டேன்" என்றான். அதையும் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது சொன்னார்: "விவரம் தெரியறதுக்கு முன்னாடியே குழந்தைகிட்ட சொல்ல ஆரம்பிச்சுடுங்க. எப்பச் சொன்னாங்கன்னு அவளுக்கு ஞாபகமே இருக்கக் கூடாது." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதிலும் எனக்கு சர்வீஸ் உண்டு.

கிட்டத்தட்ட மூன்று வருஷம் காத்திருந்தோம். ஒரு நாள் போட்டோவும் மருத்துவ அறிக்கையும் வந்தன. 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். டூ வீலர் வாங்க எட்டு மாதம் யோசித்த ஆசாமி நான். இதற்கு எட்டு நிமிஷம் ஆகவில்லை.

2019 மார்ச்சில் ஐந்து மாதக் குழந்தையாக அவள் வந்தாள். எந்த ஊர், எந்த இல்லம், யார் விட்டுப் போனது... அது அவளுடைய கதை. எங்களுக்குத் தெரிந்த கொஞ்சத்தை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். பெரியவளானதும் அவள் கையில் கொடுப்போம். ஊருக்கு அது தேவையில்லை.

ஊர் என்ன கேட்டது தெரியுமா? "எவ்வளவு குடுத்தீங்க?" ஏதோ காலி மனை வாங்கிய மாதிரி! அடுத்த மாதமே, ஏப்ரலில், கீழே ராசிபுரத்தில் குழந்தைகளை விற்ற விவகாரம் வெடித்தது. நிறத்துக்கு ஒரு விலை, எடைக்கு ஒரு விலை என்று போனில் பேரம் பேசிய ஆடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. அதைக் கேட்டுவிட்டு என் மனைவி ராத்திரி முழுக்கக் குழந்தையைக் கீழே விடவில்லை.

* * *

சரி, 2024-க்கே வருவோம். பொங்கல் ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அமெரிக்காவிலிருந்து மச்சான் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"மாப்ளே, எங்க பக்கத்து வீட்டுக்காரங்க பொண்ணு சீனாவுல இருந்து வந்தவ. இப்ப காலேஜ் படிக்கிறா. சின்ன வயசுல அவளுக்கு கிறிஸ்துமஸுக்கு மரமும் வைப்பாங்க, சீனப் புத்தாண்டுக்கு செவப்பு வெளக்கும் கட்டுவாங்க. செவப்பு கவர்ல காசு வெச்சுக் குடுப்பாங்க. அதோட, அவ வீட்டுக்கு வந்த நாளுன்னு வருஷா வருஷம் ஒரு கேக்கு. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுமே, அவங்க எதை மறைக்க முடியும்? உங்களுக்குத்தான் மறைக்க வசதியாப் போச்சு" என்றார்.

சுருக்கென்றது.

சீனாவில் 1980-லிருந்து வீட்டுக்கு ஒரே குழந்தை என்று சட்டம். அந்த ஒன்றும் ஆணாக இருக்க வேண்டும் என்பது பல வீடுகளின் ஆசை. அநாதை இல்லங்களில் சேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் பெண் குழந்தைகள். 1992-ல் சீனாவின் தத்தெடுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்குப் போனார்கள். பாதிக்கு மேல் அமெரிக்காவுக்கு. 2016-ல் இரண்டு குழந்தைகள் பெறலாம் என்று சட்டம் தளர்ந்தது. 2024 செப்டம்பரில், சில உறவுமுறைத் தத்துகள் தவிர, வெளிநாட்டாருக்குத் தத்துக் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

பேசி வைத்த மாதிரி அதே 1992-ல்தான், எங்கள் மலையடிவாரத்துச் சேலத்தில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். சேலம், தர்மபுரி, உசிலம்பட்டிப் பக்கம் பெண் சிசுக்களைப் பிறந்ததும் கொல்கிற கொடுமை வெளியே வந்திருந்த நேரம். 'கொல்லாதீர்கள், வளர்க்க முடியாவிட்டால் எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள்' என்று ஓர் அரசாங்கம் கேட்க வேண்டியிருந்தது. "கீழ இருக்கிற ஊர்லதாண்டா" என்று அப்போது வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது எனக்கு லேசாக ஞாபகம் இருக்கிறது. 2001-ல் மதுரை, தேனி, திண்டுக்கல், தர்மபுரிக்கும் அந்தத் திட்டம் போனது. அந்த வருஷத்துக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரை 1,000 ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகள் 851 பேர்தான். 2011-ல் 900-ஐத் தாண்டியது. தொட்டில் வைத்தது பெண்ணைக் கைவிடுவதற்கே வசதி செய்து கொடுத்தது போலாகாதா என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான்.

அங்கே குழந்தை எண்ணிக்கைக்குச் சட்டம். இங்கே வரதட்சணைக் கணக்கு. தொட்டிலில் கிடந்தது மட்டும் இரண்டு இடத்திலும் பெரும்பாலும் பெண்.

* * *

மறுநாள் மாட்டுப் பொங்கல். ஏற்காட்டில் அன்றைக்குக் காணக் கிடைப்பதெல்லாம் தலைகள்தான். ஏரியில் படகுக்கு க்யூ, ரோட்டில் வண்டிக்கு க்யூ. நான் சின்னவளை மட்டும் கூட்டிக்கொண்டு ஒண்டிக்கடைக்கு நடந்தேன். வழக்கமாக வழி முழுக்க வாய் ஓயாதவள், அன்றைக்கு என் சுண்டு விரலை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் டீக்கடை அண்ணனிடம் போனேன். "அண்ணே, இவ மொத மொதல்ல இங்க வந்த கதையைச் சொல்லுங்க."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "மறக்குமா? கார் இங்கதான் நின்னுச்சு. உங்கப்பா இறங்குறாரு, மூஞ்சி வெளுத்துப் போயி. பால் பவுடர் கலக்க வெந்நீர் வேணும்னாரு. நான் பாலாடையைச் சுடுதண்ணியில அலசிக் குடுத்தேன். காசு வாங்கல. நம்ம ஊருக்கு வந்த புது ஆளுக்கிட்ட காசு வாங்குவேனா?"

"அப்பா மூஞ்சி ஏன் வெளுத்துச்சு?" என்றாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை.

இனி பொய் கிடையாது என்று முடிவு செய்துதானே வந்தேன்? சொல்லிவிட்டேன். இருபது வளைவிலும் கைக்குழந்தை வாந்தியெடுக்கும் என்று பயந்து, எலுமிச்சம்பழமும் துணியும் எடுத்துப் போயிருந்தோம். நீ முதல் வளைவில் தூங்கினவள், மேலே வந்துதான் கண்ணைத் திறந்தாய். பதினேழாவது வளைவில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தியெடுத்தது, உன் அப்பன்!

சிரித்தாள் பாருங்கள். "அப்பாவா? அப்பாவா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மீதியையும் சொன்னேன். அன்றைக்கு வெயில். எஸ்டேட்டெல்லாம் காப்பி பூத்து, மலை மல்லிகைப்பூ மாதிரி மணத்தது. அண்ணன் மடியில்தான் உன் கால் இருந்தது. அவன் தர மாட்டேன் என்ற பொம்மைக் காரை, பத்தாவது வளைவில் அவனாகவே உன் கையில் வைத்தான்.

கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று கேட்டாள்: "அந்த அம்மா ஏன் என்னை வெச்சுக்கல?"

இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேள்விக்கு நான் பதில் எழுதியதில்லை. "தெரியல குட்டி. அப்பாவுக்கு நெஜமாவே தெரியாது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. அது மட்டும் தெரியும்."

கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்தாள். "அந்த அம்மா நேத்துப் பொங்கல் வெச்சிருப்பாங்களா?"

எனக்குத் தொண்டையை அடைத்தது. "வெச்சிருக்கணும்னு சாமி கும்பிட்டுக்கலாம்" என்றேன். "சரி" என்றாள். அடுத்த நிமிஷம், "எனக்கு மக்காச்சோளம்!" குழந்தைகள் இப்படித்தான். நம்மை ஆழத்தில் தள்ளிவிட்டு, அவர்கள் கரையில் சோளம் தின்பார்கள்.

* * *

தத்தெடுக்கிற எண்ணம் இருக்கிற தம்பிகளுக்குச் சில விவரம். 1956-ம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மகன் இருப்பவர் இன்னொரு மகனையும், மகள் இருப்பவர் இன்னொரு மகளையும் தத்தெடுக்க முடியாது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் அந்தத் தடை கிடையாது. எந்த மதத்தவரும் அதன் கீழ் தத்தெடுக்கலாம். தம்பதி என்றால் இரண்டு வருஷமாவது சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் பெண் எந்தக் குழந்தையையும் எடுக்கலாம். தனி ஆணுக்குப் பெண் குழந்தை கொடுப்பதில்லை. எங்கள் காலத்தில் ஆணைக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டரே ஆணை தருகிறார். அதன்பின் சொத்துரிமை உட்பட எல்லாவற்றிலும் பெற்ற பிள்ளைக்கும் இவளுக்கும் நூல் வித்தியாசம் கிடையாது. பதிவு 'காரா' மூலம் மட்டுமே. ஆஸ்பத்திரி வாசலில் 'எனக்குத் தெரிஞ்ச எடத்துல...' என்று ஆரம்பிப்பவரைக் கண்டால் ஓடிவிடுங்கள். அது தத்து இல்லை, குற்றம்.

சான்றிதழில் அவள் பிறந்த தேதி இருக்கிறது. ஆனால் இந்த மாதிரிக் குழந்தைகள் பலருக்கு அது டாக்டர் கணித்துச் சொன்னதுதான். அந்தத் தேதிக்கும் கேக் உண்டு. அது போக, அந்த வருஷம் மார்ச்சிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுப் பண்டிகை: 'வந்த நாள்'. சர்க்கரைப் பொங்கல், ஒண்டிக்கடையில் ஒரு டீ, டீக்கடை அண்ணனுக்கு ஒரு தட்டு ஸ்வீட்.

முதல் வந்த நாளுக்கு அத்தை சொல்லாமல் கொள்ளாமல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு. சின்னவளைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே காலில் மாட்டினார். ஜனவரியில் பேசியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. திருகாணியை முடுக்கிவிட்டு, "எங்க, உன் கதையைச் சொல்லு சாமி, கேப்போம்" என்றார்.

சின்னவள் எழுந்து நின்றாள். இப்போதெல்லாம் அவள் கதையை அவளேதான் சொல்கிறாள். "அன்னிக்கு வெயில் அடிச்சுது..." என்று ஆரம்பித்தாள். பதினேழாவது வளைவு வந்ததும் என் வாந்தியை நடித்தே காட்டினாள். வீடே உருண்டு சிரித்தது.

பெரியவன் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். "இவளுக்கு மட்டும் பொறந்த நாளு ஒண்ணு, வந்த நாளு ஒண்ணு! எனக்கு?"

"உன் கதையில எனக்கு இருபது திட்டு கெடச்சுதேடா. அது பத்தாதா?" என்றேன்.

"அது உனக்கு. எனக்கு என்ன?"

யோசித்துப் பார்த்தேன். இவன் இருபது வளைவு இறங்கிப் போய்ப் பிறந்தவன். அவள் இருபது வளைவு ஏறி வந்து பிறந்தவள். ரோடு ஒன்றுதான். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சின்னவள் தன் தட்டிலிருந்து ஒரு முந்திரியை எடுத்து அண்ணன் தட்டில் போட்டாள்.

"இந்தா. ஆனா கொலுசு மட்டும் தர மாட்டேன்."